கட்டிங் வீலா, டைமண்ட் பிளேடா: பவர் கட்டருக்கு எது தகும்?

கான்கிரீட், செங்கல், கருங்கல், இரும்புக் கம்பி ஆகியவற்றை அறுக்கும் பவர் கட்டரில், எஞ்சின் எவ்வளவு வலுவானது என்பதைவிட அதில் எந்த வட்டை மாட்டுகிறோம் என்பதே ஆபத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பலர் விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் கட்டிங் வீலும் டைமண்ட் பிளேடும் பழுதாகும் விதமே வேறு என்பதால், ஒப்பீடும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கட்டிங் வீல் என்பது உராய்வுத் துகள்களைப் பிசினால் பிணைத்து, கண்ணாடி இழை வலையால் வலுவூட்டிய வட்டு. 350 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 99 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் வட்டு உடைந்தால் துண்டுகள் எங்கே பாயும் என்று எவராலும் கணிக்க முடியாது. கீழே விழுந்த வட்டு, ஈரத்தில் கிடந்த வட்டு, நடுவளையத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியைக் கடந்த வட்டு ஆகியவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். இது தேயத் தேய விட்டம் சுருங்குவதால் அறுக்கும் ஆழமும் குறையும், வட்டின் தூளும் காற்றில் சேரும். ஆயினும் இரும்பை அறுக்க, உலோகத்துக்கென்றே செய்த கட்டிங் வீல்தான் வழக்கமான தேர்வு.

டைமண்ட் பிளேடு, எஃகுத் தட்டின் விளிம்பில் வைரத் துகள் கலந்த பற்களைப் பொருத்தியது. இது கட்டிங் வீலைப் போலச் சிதறுவதில்லை; வெப்பமே இதன் பகை. தண்ணீரின்றி இடைவிடாமல் அழுத்தி அறுத்தால், பற்கள் கழன்று தெறிக்கக்கூடும், தட்டிலும் விரிசல் விழக்கூடும். வைரத் துகள்களைப் பற்களில் பிடித்திருக்கும் பிணைப்பு, கடினமான கல்லுக்கு மென்மையாகவும் மணற்பாங்கான பொருளுக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும் என்பது முதலில் முரணாகத் தோன்றலாம். கடினக் கல்லில் பிணைப்பு தேயாவிட்டால் புதிய வைரம் வெளிப்படாது, பிளேடு வழவழப்பாகி அறுக்க மறுக்கும். அப்போது பலத்தைக் கூட்டுவது தவறு. மணற்கல் போன்ற மென்மையான, உராயும் பொருளில் சில முறை அறுத்தால் வெட்டும் திறன் மீளும்.

கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் டைமண்ட் பிளேடையே நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் தண்ணீர். அவற்றை அறுக்கும்போது எழும் தூசியில் உள்ள நுண்ணிய சிலிக்கா (மணலிலும் கல்லிலும் உள்ள கனிமம்) நுரையீரலில் தங்கி, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயை உண்டாக்கும். படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. ஈரத்துக்கு ஏற்ற பிளேடில் தண்ணீர் பாய்ச்சி அறுத்தால் தூசியும் அடங்கும், பிளேடும் குளிரும். முகத்தில் கட்டும் துணி இதற்கு ஈடாகாது. தூசிக்கென உருவான, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் முகமூடியும் உடன் வேண்டும். மின்சாரக் கட்டராக இருந்தால், ஈர வேலைக்கென வடிவமைத்த மாடலையே மின்கசிவுத் துண்டிப்பானுடன் இணைத்துப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் கட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய அறையில் அதை இயக்கவே கூடாது.

எந்த வட்டானாலும், அதில் குறித்த உச்ச வேகம் மிஷினின் வேகத்தைவிடக் குறையக்கூடாது; நடுத்துளை அச்சுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்; காப்புக் கவசத்தைக் கழற்றவே கூடாது. வட்டின் மேல்முன் பகுதியால் அறுக்க முயன்றால் மிஷின் பின்னோக்கி எகிறும் என்பதால், அப்பகுதி பொருளில் படாமல் வேலை செய்வது அவசியம். பராமரிப்பில் முதலிடம் ஏர் ஃபில்டருக்கு. தூசி அதைத் தாண்டினால் எஞ்சினின் உட்பகுதி விரைவில் தேயும். ஈரமாக அறுத்து முடித்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, வட்டைச் சிறிது நேரம் வெறுமனே சுழலவிட்டு ஈரத்தை உதற வேண்டும். பிறகு அதைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.