விடாமல் எழுதுவதா, நிமிடம் வைத்துக் குறிப்பதா?

மழலையர் கல்வியில் ஆய்வு செய்யப் பழகுபவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இது: குழந்தை செய்வதையெல்லாம் விடாமல் எழுதுவதா, குறித்த இடைவெளியில் மட்டும் பார்த்துக் கட்டத்தில் குறி போடுவதா?

முதலாவது தொடர் குறிப்பு. நோட்டும் பேனாவும் போதும். கை வலிக்கும், அது கிடக்கட்டும். கண்ணில் பட்டதை விட்டுவிட்டு நம் தீர்ப்பை எழுதிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ‘அவன் கோபப்பட்டான்’ என்பது குறிப்பு ஆகாது. ‘கட்டையைக் கீழே போட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், பதில் சொல்லவில்லை’ என்பதுதான் குறிப்பு. கோபமா, களைப்பா என்பதை அப்புறம் யோசிக்கலாம். இந்தப் பழக்கம் கைவந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இரண்டாவதான நேர மாதிரி முறை வேறு ரகம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. பாலர் பள்ளிக் குழந்தைகளை ஒவ்வொருவராக ஒரு நிமிடம் வீதம் கவனித்து, தனியாக விளையாடுவது, பக்கத்தில் இருந்தும் சேராமல் விளையாடுவது, கூடி விளையாடுவது உள்ளிட்ட 6 வகைகளில் பதிந்தார். இதில் எண்ணிக்கை கிடைக்கும். இரண்டு பேர் தனித்தனியே குறித்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சரிபார்க்கலாம். ஆனால் அந்த நிமிடத்துக்கு முன் என்ன நடந்தது என்று கட்டம் சொல்லாது. கடிப்பது போல எப்போதாவது நடப்பது நழுவிப் போகும்.

என்னைக் கேட்டால் தொடர் குறிப்பில் தொடங்குங்கள். எதை எண்ண வேண்டும் என்பதே அதிலிருந்துதான் பிடிபடும். எந்த முறையானாலும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். குழந்தை உங்களைக் கண்டு ஒதுங்கினால் அன்றைக்கு வற்புறுத்தாதீர்கள்.