பல த்ரெட் ஓடும் சி++ நிரலில் மெமரியை விடுவிப்பது யார்: ஷேர்டு பாயின்டரா, போயம் ஜிசியா, ஹசார்ட் பாயின்டரா?

நான்கு த்ரெட்கள் ஒரு லிங்க்டு லிஸ்ட்டைப் படித்துக்கொண்டிருக்கின்றன. ஐந்தாவது த்ரெட் அதிலிருந்து ஒரு நோடைக் கழற்றுகிறது. உடனே ஃப்ரீ செய்யலாமா? யாராவது ஒருவர் கையில் அதன் முகவரி இன்னும் இருந்தால் நிரல் விழும். யாரிடமும் இல்லை என்று எப்படி அறிவது என்பதில்தான் இந்த மூன்றும் வேறுபடுகின்றன. ஜிசி என்பது கார்பேஜ் கலெக்டர், யாரும் பயன்படுத்தாத மெமரியைத் தானே தேடி விடுவிப்பது.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது சி++11-இல் வந்த ஷேர்டு பாயின்டர். ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, பூஜ்ஜியமானதும் விடுவிக்கும். அந்த எண்ணிக்கை அட்டாமிக்காக, அதாவது த்ரெட்கள் இடையில் குறுக்கிடாதபடி, ஏறி இறங்குவதால் எண்ணுவதில் பிழை வராது. ஆனால் ஒரே ஷேர்டு பாயின்டர் மாறியை ஒரு த்ரெட் எழுத, இன்னொன்று படித்தால் அது முடிவுக்கு உத்தரவாதமில்லாத டேட்டா ரேஸ்தான். பலர் சறுக்கும் இடம் இது. அதற்கென்று அட்டாமிக் ஷேர்டு பாயின்டர் சி++20-இல்தான் வந்தது. பல கோர்கள் ஒரே ஆப்ஜெக்ட்டைப் பிரதி எடுத்தால் அந்த எண்ணிக்கை இருக்கும் கேஷ் லைன் கோருக்குக் கோர் அலையும். வட்டமாக ஒன்றையொன்று பிடித்திருப்பவை தானாக விடுபடாது. எண்ணிக்கையில் சேராத வீக் பாயின்டர் வைத்து நாமே வட்டத்தை உடைக்க வேண்டும். இருந்தும் ஃபைல், சாக்கெட் போன்றவற்றுக்கு என் தேர்வு இதுதான். கடைசி ஆள் விட்ட நொடியே மூடிவிடும். போயம் ஜிசி அந்த உறுதியைத் தராது.

போயம் ஜிசி 1988-இல் போயமும் வைசரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. கய்ல் 2.0, கிரிஸ்டல் ஆகிய மொழிகள், யூனிட்டி கேம் எஞ்சின் எல்லாம் இதை நம்பி ஓடியவை. எல்லா த்ரெட்களையும் நிறுத்தி, ஒவ்வொன்றின் ஸ்டாக்கையும் ரெஜிஸ்டரையும் துழாவி, முகவரி போல் தெரியும் எதையும் முகவரி என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் லாக் பிடிக்காமல் இயங்கும் லாக்-ஃப்ரீ கட்டமைப்புகளில் வரும் ஏபிஏ தொல்லை (அதே முகவரியில் வேறு நோடு வந்துவிட்டதைக் கவனிக்காமல் ஏமாறுவது) பெரும்பாலும் ஒழிகிறது: ஒரு த்ரெட் கையில் பழைய நோடின் முகவரி இருக்கும்வரை அந்த இடம் புதிய நோடுக்குப் போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அதற்குத் தெரியாத த்ரெட் என்று ஒன்று இருக்கக் கூடாது. ஜிசி.எச் ஹெடரைச் சேர்க்கும் முன் ஜிசி_த்ரெட்ஸ் மேக்ரோவை வரையறுத்தால், பீத்ரெட்_கிரியேட் அழைப்பு ஜிசியின் சொந்த வடிவத்துக்குத் திரும்பி, புதிய த்ரெட் பதிவாகும். ஒரே ஒரு சோர்ஸ் ஃபைலில் அது விடுபட்டாலும் அங்கே பிறக்கும் த்ரெட்டின் ஸ்டாக் துழாவப்படாது. அதில் மட்டும் இருந்த ஆப்ஜெக்ட் குப்பையாகக் கணக்கிடப்பட்டு, நிரல் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் விழும். பதிவாகாத அந்த த்ரெட்டே சேகரிப்பைத் தொடங்கிவிட்டால், முன்பின் தெரியாத த்ரெட் என்ற செய்தியோடு நிரல் அங்கேயே நிற்கும். அப்படி நின்றால் நல்லதே. தவறு எங்கே என்று தெரிந்துவிடும். ஆடியோ நூலகம் போன்ற பிறர் குறியீடு தானாகத் தொடங்கும் த்ரெட்டில் நம் கால்பேக் ஓடினால், அதை ஜிசி_ரெஜிஸ்டர்_மை_த்ரெட் மூலம் நாமே பதிய வேண்டும், முடியும் முன் நீக்கவும் வேண்டும். சாதாரண மாலக்கில் எடுத்த மெமரிக்குள் ஒளிந்த பாயின்டரும் இதன் கண்ணில் படாது. இயல்புநிலை ஸ்டாண்டர்டு வெக்டருக்கும் இதே கதிதான்.

லினக்ஸில் த்ரெட்களை நிறுத்துவதும் மீண்டும் ஓட விடுவதும் சிக்னல்களால். வழக்கமாக சிக்பவர், சிக்எக்ஸ்சிபியு. ஜிடிபி டீபக்கரில் இந்த இரண்டையும் நிற்காமல் விடச் சொல்லாவிட்டால் டீபக் செய்யவே முடியாது. ஃபைனலைசர்கள் (ஆப்ஜெக்ட் விடுபடும் முன் ஓடும் துப்புரவுக் குறியீடு) இயல்பாக ஏதோ ஒரு த்ரெட்டின் மெமரி கோரிக்கைக்குள் ஓடும். அந்த த்ரெட் ஏற்கெனவே பிடித்திருக்கும் லாக்கையே ஃபைனலைசரும் கேட்டால் டெட்லாக். தேவைப்படும்போது மட்டும் ஓடும்படி அமைத்து, தனி த்ரெட்டில் அழைப்பதே பாதுகாப்பு. படம், உரை போன்ற பாயின்டர் இல்லாத தரவுக்கு ஜிசி_மாலக்_அட்டாமிக் எடுத்தால் துழாவும் வேலை குறையும்.

ஹசார்ட் பாயின்டரில் யாரையும் நிறுத்த வேண்டாம். படிப்பவர் தொடப்போகும் முகவரியை முதலில் தன் கட்டத்தில் எழுதி, அது இன்னும் இணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார். நீக்குபவர் எல்லாக் கட்டங்களையும் பார்த்த பிறகே ஃப்ரீ செய்வார். லினக்ஸ் கெர்னலில் 2002 முதல் இருக்கும் ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்) இதன் உறவினர். படிப்பவருக்குச் செலவு இன்னும் குறைவு, ஆனால் ஒரு வாசகர் சிக்கிக்கொண்டால் கழிவு குவியும். இரண்டும் சி++26-க்கு ஏற்கப்பட்டுள்ளன. சி++11 ஜிசிக்கென வைத்திருந்த கொக்கிகளோ சி++23-இல் நீக்கப்பட்டன.

சி-யில் இன்டர்பிரட்டர் எழுதுபவருக்கு, த்ரெட்கள் அனைத்தும் தம் கையில் பிறக்கின்றன என்றால், போயம் ஜிசியைத் தயங்காமல் சொல்வேன். பிறர் நூலகங்கள் த்ரெட் தொடங்கிக்கொண்டே இருக்கும் பெரிய செயலியில் ஷேர்டு பாயின்டரும், சூடான ஓரிரு கட்டமைப்புகளுக்கு மட்டும் ஹசார்ட் பாயின்டரும். ஜிசிதான் என்று முடிவெடுத்தால், சோதனைக் கட்டத்தில் தனி த்ரெட் ஒன்று ஜிசி_ஜிகலெக்ட்டை ஓயாமல் அழைத்துக்கொண்டே இருக்கட்டும். பதிவாகாத த்ரெட்களில் பெரும்பாலானவை அங்கேயே சிக்கிவிடும்.