ஹேவ்லாக்கில் அறை எடுப்பது: 9 ஆண்டு, 11 பயணம்

அந்தமானில், போர்ட் பிளேரில் வேலை என்று வந்து ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரின் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், என் வாயில்தான் இன்னும் பழகவில்லை. இங்கே வேலை பார்ப்பவனுக்குச் சம்பளத்தோடு இன்னொரு பொறுப்பும் கூடவே வரும்: ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஹேவ்லாக் தீவுக்குக் கூட்டிப்போவது. இதுவரை 11 முறை போய்விட்டேன். ஏழு வெவ்வேறு விடுதிகளில் தங்கியிருக்கிறேன். அதில் நான்கு தப்பான தேர்வு. ஏன் தப்பானது என்பதைத்தான் எழுத வருகிறேன். தீவுக்கு 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு என்பது அரசாங்கப் பெயர். டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

முதல் தப்பு, 'ஜெட்டிக்குப் பக்கத்தில்' என்ற வரியை நம்பியது. இங்கே கப்பல்துறைக்கு ஜெட்டி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் அவர்களே "ஜெட்டிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்பார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெற்றோர் வந்தபோது கப்பலை விட்டு இறங்கியதும் நடந்தே போகிற தூரத்தில் அறை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது. இறங்கத்தான் முடியவில்லை. நங்கூரமிட்ட படகுகள், டீசல் வாசனை, காலையிலிருந்து கப்பல் ஊதும் சத்தம். அம்மா மூன்று நாளும் கடலை ஜன்னல் வழியாகவே பார்த்தார்.

தீவு அவ்வளவு பெரியது இல்லை. ஜெட்டி வடக்கு முனையில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் மூன்றாம் நம்பர் பஜார், அதாவது கோவிந்த் நகர். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கிழக்குக் கரையோரமாக விஜய் நகர் வழியே காலாபத்தர் வரை போகும். விஜய் நகர் கடற்கரைக்குத்தான் ஐந்தாம் நம்பர் என்று பெயர். இன்னொன்று பாக்குத் தோப்புகளையும் வயல்களையும் தாண்டி மேற்கே ராதாநகருக்குப் போகும், அது ஏழாம் நம்பர். ஜெட்டியிலிருந்து ராதாநகருக்கே சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆட்டோவில் அரை மணி நேரம். ஆக ஜெட்டிக்குப் பக்கத்தில் தங்கி நாம் மிச்சம் பிடிப்பது அதிகம் போனால் போகும்போது அரை மணி, வரும்போது அரை மணி. அதற்காக மூன்று நாள் கடலை விட்டுக்கொடுப்பது எனக்கு நஷ்டக் கணக்கு. காலை முதல் கப்பலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும், எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போவதற்காகவே வருகிறவர்களுக்கும் மட்டும் அது சரிப்படும். அந்தப் படகுகள் ஜெட்டியிலிருந்துதான் கிளம்பும்.

இரண்டாம் தப்பு இதைவிடப் பெரியது. புகைப்படத்தைப் பார்த்து ஐந்தாம் நம்பரில் அறை எடுத்தேன். தென்னை, ஊஞ்சல், அறை வாசலிலேயே பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர். சித்தப்பா குடும்பத்தோடு பிற்பகல் மூன்று மணிக்குப் போய் இறங்கினால் கடலைக் காணோம். நிஜமாகவே காணோம். கரையிலிருந்து வெகுதூரம் வரை பாறையும் செத்த பவளமும் சேறும்தான். கட்டி வைத்த படகு தரையில் சாய்ந்து கிடந்தது. நீச்சல் உடை மாற்றிக்கொண்டு ஓடிவந்த சித்தப்பா மகன் அப்படியே நின்றுவிட்டான். விடுதிக்காரர் "காலையில் வரும் சார்" என்றார், ஏதோ பால்காரரைப் பற்றிச் சொல்வது போல.

அன்றைக்குப் பௌர்ணமி. இந்தக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அந்த நாட்களில் இங்கே காலை ஒன்பது பத்து மணி வாக்கில் தண்ணீர் நிறைந்து நிற்கும், பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு நன்றாக வற்றிவிடும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் குறைவு, வற்றுவதும் குறைவு. கிழக்குக் கரை சரிவில்லாத, பவளப்பாறை படிந்த கரை என்பதால் கொஞ்சம் நீர் இறங்கினாலே நூறு அடி தரை தெரிந்துவிடும். ராதாநகரில் அந்தச் சிக்கல் இல்லை. அது மணல் கரை, கடல் வற்றினாலும் குளிக்கலாம். விடுதிப் படங்கள் எல்லாமே கடல் ஏறி நிற்கும்போது எடுத்தவை. எடுத்த நேரத்தை யாரும் கீழே போடுவதில்லை.

அப்படியானால் ராதாநகரிலேயே தங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020-ல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. கடற்கரை அந்தப் பெயருக்குத் தகுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே தாஜ் மாதிரி பெரிய இடங்களின் வாடகை நமக்கு எட்டாது. எட்டும் விலையில் இருப்பவை கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி. சூரியன் மறைந்ததும் காவலர்கள் விசில் அடித்து எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள். குளிர்காலத்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதற்கப்புறம் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடை இல்லை, மருந்து வேண்டுமென்றால் மூன்றாம் நம்பர் பஜாருக்கு வர வேண்டும். இருட்டிய பிறகு ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். மாமாவுக்கு அங்கே ஒரு இரவு வயிற்றுவலி வந்தபோது அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரும் எனக்கு நூறு கிலோமீட்டராகத் தெரிந்தது.

ஆகவே இப்போது என் ஏற்பாடு இது. தங்குவது ஐந்தாம் நம்பரில், குளிக்கப் போவது ராதாநகருக்கு. வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் ஆட்டோ பேரமும் மிச்சம். நீச்சல் தெரிந்த இளவட்டங்கள் மட்டும் வந்தால் ராதாநகர் பக்கம் ஒரு இரவு போட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: முதலை அபாயப் பலகை இருக்கும் இடத்தில் வீரம் காட்டாதீர்கள். 2010-ல் ராதாநகர்ப் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையிடம் உயிரிழந்தார். பலகை சும்மா வைத்ததில்லை.

மழைக்காலக் கணக்கு தனி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் ராதாநகர் அலை முரட்டுத்தனமாக இருக்கும், கிழக்குப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு அடிக்கும் வடகிழக்குக் காற்று நேர் எதிர். புயல் சின்னம் உருவானால் கப்பலே ஓடாது. 2016 டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் மாட்டிக்கொண்டார்கள், கடற்படை வந்துதான் அழைத்துவந்தது. அந்த வாரம் போர்ட் பிளேரில் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பேசியது அது ஒன்றைத்தான். அதிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஹேவ்லாக்கில் யாரையும் நான் தங்க விடுவதில்லை. கப்பல் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பி வரும். விடுதிப் பணத்துக்கு நீங்கள்தான் வாதாட வேண்டும். ஒரு விடுதியில் வாதாடித் தோற்றிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

அறை எடுக்கும்போது நான் போனில் கேட்கும் கேள்விகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. முதலில் ஏசி உண்டா என்று கேட்டேன். இப்போது முதல் கேள்வி, அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்? இங்கே பல இடங்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள். நம் கப்பல் மாலை நான்கு மணிக்கு என்றால் அதுவரை பெட்டியோடு எங்கே உட்காருவது? பெட்டியை வைத்துக்கொள்ளவும் குளித்து உடை மாற்றவும் இடம் தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் சேர்த்தா, விளக்குக்கு மட்டுமா? மூன்றாவது, குளிக்கும் தண்ணீர் உப்பா? ஒரு இடத்தில் சோப்பு நுரைக்கவே இல்லை. அத்தை தலைக்குக் குளித்துவிட்டு நாள் முழுக்கத் திட்டினார்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. தீவில் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். மீன் குழம்பு பிரமாதம், ஆனால் கடுகெண்ணெய் வாசம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது. "எண்ணெய் மாற்றிச் செய்யுங்கள்" என்று முதல் நாளே சொன்னால் செய்து தருவார்கள். இட்லி தோசை பஜாரில் கிடைக்கும். சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

எந்த விடுதியும் சொல்லாத இன்னொன்று மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் ஈர மணலில் உட்கார்ந்தால் கடிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் ஆரம்பிக்கும் அரிப்பு ஒரு வாரம் போகாது. கால்களில் தேங்காய் எண்ணெய் கனமாகத் தடவிக்கொள்வதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். சாய்வு நாற்காலி போட்டிருக்கும் விடுதியாகப் பாருங்கள், மணலில் துண்டு விரிக்க வேண்டாம்.

போன் சிக்னல் பழைய கதை போல இல்லை. சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்தபிறகு ஹேவ்லாக்கிலும் வேலை நடக்கிறது. இருந்தாலும் கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

கடைசியாகப் போனது அத்தையோடு. ஐந்தாம் நம்பர்தான், பிற்பகலில் கடல் வற்றியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அத்தை காதிலேயே வாங்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, கணுக்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நண்டு பார்த்துக்கொண்டு நடந்தார். நீச்சல் தெரியாதவருக்கு அலையை விட அதுதான் பிடித்திருக்கிறது. சேகரித்த சங்கு கிளிஞ்சலைத்தான் கப்பல் ஏறும்போது சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எடுத்துப்போகக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது பிப்ரவரியில் தங்கை குடும்பம். பிள்ளைகள் இரண்டும் தண்ணீரை விட்டு ஏறாதவர்கள். அதனால் தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்து, அஷ்டமி நவமியை ஒட்டி டிக்கெட் எடு, கடல் அவ்வளவாக வற்றாது என்று சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அஷ்டமியில் யாராவது வீட்டை விட்டுக் கிளம்புவாங்களா அண்ணா?" என்கிறாள்.