டார்ஜிலிங் பொம்மை ரயில்: நீராவி வண்டி என்றால் ஏறுங்கள்

டார்ஜிலிங் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், அந்த ரயிலுக்கு அவ்வளவு காசு தரலாமா என்று. ஜாய் ரைடு என்பது டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்புவது, ஏறக்குறைய 2 மணி நேரம், தூரம் ஒரு பக்கம் 7 கிலோமீட்டர் போல. நடந்தே போய்விடலாமே என்று என் மைத்துனர் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆனாலும் தரலாம் என்றுதான் சொல்வேன், நீராவி இஞ்சின் வண்டிக்கு மட்டும். டீசலிலும் ஓட்டுகிறார்கள், டிக்கெட் குறைவு, ஆனால் அதற்கு ஜீப்பிலேயே போய்விடலாம்.

ஏறும் முன்னால் பத்து நிமிஷமாவது இஞ்சின் பக்கத்தில் நில்லுங்கள். 1889இல் வரத் தொடங்கிய பி கிளாஸ் வகை. தண்டவாள அகலம் இரண்டே அடி, 610 மில்லிமீட்டர். நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், செங்குத்தான இடத்தில் நடுவில் இருக்கும் பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். இங்கே அதெல்லாம் கிடையாது, வெறும் இரும்பில் சக்கரம் வழுக்காமல் ஏற வேண்டும், அதனால் இஞ்சினின் மூக்கில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு கோலம் போடுகிற மாதிரி கைப்பிடி மணலைத் தண்டவாளத்தின் மேல் தூவிக்கொண்டே வருகிறார்கள். இன்னொருவர் கரிக்குவியல் மேலேயே உட்கார்ந்து சுத்தியலால் கட்டிகளை உடைக்கிறார். எனக்கு யுனெஸ்கோ பலகையைவிட இந்த மனிதர்கள்தான் பாரம்பரியம்.

அப்புறம் அந்தச் சாலை. 1879இல் வேலை தொடங்கி 1881இல் டார்ஜிலிங் வரை வந்த பாதை, ஏற்கெனவே இருந்த வண்டிச் சாலையை ஒட்டியே போட்டது. இன்றும் ரயிலும் ஜீப்பும் ஆளும் ஒன்றாகவே போகிறார்கள். ஒரு கடைக்காரர் விசில் கேட்டதும் வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் குடங்களை உள்ளே இழுத்துக்கொண்டார், வண்டி போனதும் திரும்ப மாட்டினார், ஒரு தடவைகூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாதை தன்னையே சுற்றி வரும் பதாசியா வளைவில் வண்டி நின்றதும் எல்லோரும் செல்ஃபிக்கு ஓடினார்கள். கூம் நிலையத்தில் சின்ன அருங்காட்சியகம், வெளியே பேபி சிவோக் என்கிற குட்டி இஞ்சின். அங்கே கொடுக்கும் நேரம் போதாது, முதலில் டீக்குப் போனால் அருங்காட்சியகம் போச்சு.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். முழுப்பாதை 88 கிலோமீட்டர், கீழே சமவெளியில் இருக்கும் நியூ ஜல்பைகுரியிலிருந்து. 2010, 2011 நிலச்சரிவுகளில் அறுந்து 2015 கடைசியில்தான் முழுதாகத் திரும்ப இணைந்தது, 2017 கூர்க்காலாந்து தனி மாநிலப் போராட்டத்தில் சோனாதா, கயாபாரி நிலையங்கள் எரிந்தன. இவ்வளவையும் தாண்டி நிற்கிற பாதையில் பெரும்பாலானவர்கள் பார்ப்பது மேலே இருக்கிற அந்தத் துண்டை மட்டும்தான். உள்ளூர்க்காரர் அவசரத்துக்கு ஷேர் ஜீப்பில் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ரயில் கீழிருந்து மேலே வர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுற்றுலாப் பணம் இல்லாவிட்டால் இந்த இஞ்சின்கள் என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும், அதனால் ஜாய் ரைடைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஏசி பெட்டி, கண்ணாடிக் கூரைப் பெட்டி என்று சேர்ப்பது எதற்கு? கரிப்புகையும் விசிலும் கடைத்தெரு வாசனையும் வரக்கூடாது என்று ஜன்னலை மூடிவிட்டால் பாக்கி என்ன இருக்கிறது. அந்தக் கவனத்தைக் கீழே இருக்கும் நிலையங்கள் மேல் காட்டியிருக்கலாம், இஞ்சின்களைப் பழுது பார்க்கும் திந்தாரியா பட்டறையைப் பார்க்க என்றே ஒரு வண்டி விட்டால் நான் முதல் ஆளாக ஏறுவேன்.

டிக்கெட்டை ஐஆர்சிடிசியில் நீங்களே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜெண்ட், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஆளுக்கு முந்நூறு ரூபாய் கூட வாங்கிவிட்டார், ஏறிப் பார்த்தால் எங்கள் பெட்டியிலேயே நாலு சீட் காலி. கண்ணில் கரித்தூள் விழும், கண்ணாடி போடுகிறவர்களுக்கு யோகம். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், என் மைத்துனரின் சட்டை மூன்று சலவைக்கு அப்புறமும் சாம்பல் நிறம்தான்.