ஹெச்பி 12சி: 13 ஆண்டுகளுக்குப் பிறகும் உறுத்துகிற அந்த 7

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள். முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தகுதியின் முதல் நிலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். மேசையில் இருந்த என் நிதிக் கால்குலேட்டரை, ஹெச்பி 12சி-யை, எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, நானும் இதையே வாங்கட்டுமா? இல்ல, எல்லாரும் வாங்குற டெக்சாஸா?" என்று கேட்டாள். அந்தத் தேர்வு அறைக்குள் இரண்டே இரண்டு வகைக்குத்தான் அனுமதி. ஒன்று ஹெச்பி 12சி, அதன் பிளாட்டினமும் சேர்த்து. இன்னொன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ டூ பிளஸ், அதன் புரொஃபஷனலும் சேர்த்து. பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த 12சி என்னிடம் வந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. ஆர்பிஎன் முறை (எண்களை முதலில் அடித்துவிட்டு, கூட்டலா பெருக்கலா என்பதைப் பிறகு அழுத்துவது), 'சமம்' விசை கிடையாது, படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முப்பது லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம். கஸ்டமர் சொல்லி முடிக்கும்போது விடை திரையில் இருக்கும். 20 அடித்து நீல நிற 'ஜி', 'என்' (தவணை எண்ணிக்கை). 8.5 அடித்து மறுபடி 'ஜி', 'ஐ' (வட்டி). வருஷத்தை 12-ஆல் பெருக்கி மாதமாக்குவதும், வட்டியை 12-ஆல் வகுப்பதும் அந்த நீல விசையின் வேலை. பிறகு 3000000 'பிவி' (இன்றைய தொகை), கடைசியாக 'பிஎம்டி' (தவணைத் தொகை). மைனஸ் 26,034.70 என்று வரும். கையை விட்டுப் போகும் பணம் என்பதால் மைனஸ். லட்சத்துக்கு நாம் போடுகிற மாதிரி கமா விழாது, 3,000,000 என்றுதான் காட்டும். முதல் மாதம் அது தடுமாற வைத்தது. இப்போது கண்ணுக்குப் பழகிவிட்டது. விசைகளைப் பார்த்து அடிப்பதை நிறுத்தியே பல வருஷம் ஆகிறது.

இதற்கு முன்னால் வேறொரு நிறுவனத்தின் நிதிக் கால்குலேட்டர் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு வருஷத்தில் அதன் 5-ம் எண் விசை தளர்ந்துவிட்டது. அழுத்தினால் சில நேரம் பதியும், சில நேரம் பதியாது. ஒருநாள் 8.75 அடித்தேன், 8.7 என்று பதிந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கடன் கேட்டு வந்த பெரியவர் ஒருவருக்குத் தவணைத் தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தும் விட்டேன். மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தேன். 12சி-யில் விசை 'டக்' என்று விரலுக்குச் சொன்னால் எண் பதிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த 13 ஆண்டுகளில் அது ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

சரி, உறுத்தலுக்கு வருகிறேன்.

12 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் ஆகும் என்று இதனிடம் கேளுங்கள். 12 'ஐ', 1 அடித்துக் குறி மாற்றி 'பிவி', 2 'எஃப்வி' (முடிவில் நிற்கும் தொகை), பிறகு 'என்'. 7 என்று சொல்லும். உண்மையான விடை 6.12, அதாவது ஆறு வருஷமும் ஒன்றரை மாதத்துக்கும் குறைவான நாட்களும். பத்தரை மாதத்துக்கும் மேலாக இது கூட்டிச் சொல்லிவிடுகிறது. 'என்'னைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பின்னத்தை அடுத்த முழு எண்ணுக்குத் தூக்கிவிடுவது இதன் இயல்பு. கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் திரையில் ஒரு சின்ன அடையாளம்கூட வராது. 7.00 என்று தசமப் புள்ளியோடு அவ்வளவு உறுதியாக நிற்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கடன் கணக்கில் இந்தப் பழக்கம் சரியானது. அதே முப்பது லட்சத்துக்கு மாதம் 30,000 கட்டினால் எத்தனை தவணை? கணக்குப்படி 174.57. 12சி 175 என்கிறது. 0.57 தவணை என்று யாரும் கட்ட முடியாது, 175-வது மாதம் பணம் கட்டித்தானே ஆக வேண்டும். 174 அடித்து 'என்', அப்புறம் 'எஃப்வி' அழுத்தினால் அந்த மாதம் மிச்சமிருக்கும் அசல் வரும். கடைசித் தவணை சுமார் 17,000 என்று கஸ்டமருக்குத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இதைச் செய்தவர்கள் கடன் மேசையை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வைப்புத்தொகை பற்றிக் கேட்கிறவரும் அதே மேசைக்குத்தான் வருகிறார். அவருக்காக 2-க்கு மடக்கை எடுத்து, 1.12-க்கு மடக்கை எடுத்து, நான் வகுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதை ஏன் யாரும் திருத்தவில்லை என்று பல நாள் கோபப்பட்டிருக்கிறேன். 12சி வந்தது 1981-ல். 2008 வாக்கில் உள்ளே இருந்த சிப்பையே மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் ஐஆர்ஆர் (முதலீட்டின் உள் வருவாய் விகிதம்) கேட்டால் 'ரன்னிங்' என்று மின்னிக்கொண்டு நிற்கும், புதியதில் சட்டென்று விடை வரும். ஆனால் புதிய சிப் செய்வது பழைய சிப்பைப் போலவே நடிப்பதைத்தான். 1981-ன் நிரல் அப்படியே அதன் மேல் ஓடுகிறது. அதனால் 7-ம் அப்படியே இருக்கிறது. எந்த விசையை அடித்தால் என்ன வரும் என்பது பாடப் புத்தகங்களில் அச்சாகிவிட்டது, மேசை மேசையாக விரல்களில் ஏறிவிட்டது. யாரும் தொடத் துணியவில்லை. எனக்கு இதில் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இதைவிட நல்ல கால்குலேட்டர்கள் செத்துப்போனதை நினைத்தால்தான் வருத்தம். ஹெச்பி-யின் 17பி டூ பிளஸ்ஸை நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு மாதம் பயன்படுத்தியிருக்கிறேன். நம் சமன்பாட்டை நாமே எழுதி வைத்துவிட்டு, எந்த உறுப்பு தெரியவில்லையோ அதைக் கேட்கலாம். விசைக்கு மேலே திரையிலேயே பெயர்கள் வரும், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நிதிக் கணக்குக்கு அதைப்போல ஒன்றை நான் கையில் பிடித்ததில்லை. இன்று உற்பத்தியில் இல்லை. 2008-ல் 20பி வந்தது, 2010-ல் 30பி வந்தது, இரண்டுமே போய்விட்டன. 30பி-யில் ஆர்பிஎன்னும் உண்டு, சாதாரண முறையும் உண்டு, நிரலும் எழுதலாம். என்ன இருந்து என்ன? சிஎஃப்ஏ பட்டியலில் அது இல்லை. படிக்கும்போது வாங்கியதைத்தான் வேலைக்குப் போனதும் மேசையில் வைக்கிறோம். 22 வயதில் விரலில் ஏறியதை 35 வயதில் யார் மாற்றுகிறார்கள்? 2003-ல் வந்த 12சி பிளாட்டினம் 400 வரி நிரல் எழுத இடம் தருகிறது, பழையதில் 99 வரிதான். அப்படியிருந்தும் பழையதை நிறுத்த முடியவில்லை, இரண்டையும் சேர்த்தே விற்றார்கள். அதே உடல்வாகோடு பொறியாளர்களுக்கென்று வந்த 15சி-யை 1989-லேயே நிறுத்திவிட்டார்கள். அதை நேசித்தவர்கள் ஏராளம், ஆனால் நேசம் மட்டும் போதவில்லை.

பிஏ டூ பிளஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே இரட்டிப்புக் கணக்குக்கு 6.12 என்று நேர்மையாகக் காட்டும். ஆனால் புதிதாக வாங்கியதும் 2 + 3 × 4 அடித்துப் பாருங்கள், 20 வரும். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பதை அமைப்பில் போய் நாம்தான் மாற்ற வேண்டும். வருஷத்துக்கு எத்தனை தவணை என்ற அமைப்பும் ஒருமுறை 12 என்று வைத்தால் அணைத்துப் போட்டாலும் 12-லேயே நிற்கும். அடுத்த கணக்கு ஆண்டுக் கணக்காக இருந்தால் விடை மொத்தமும் தப்பு. 12சி-யில் அப்படி ஒரு அமைப்பே இல்லை. எத்தனை மாதம், மாதத்துக்கு என்ன வட்டி என்று நாம்தான் சொல்கிறோம், அது கணக்கை மட்டும் போடுகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே 12சி-யை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அக்கா மகளிடம் பிஏ டூ பிளஸ்தான் வாங்கச் சொன்னேன். அன்று காலையில்தான் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வைப்புத்தொகை எப்போது இரட்டிப்பாகும் என்று கேட்டிருந்தார். வேறு யோசனையில் இருந்த நான் திரையில் வந்த முழு எண்ணை அப்படியே வாசித்துவிட்டேன். அவர் படியிறங்கும்போதுதான் உறைத்தது, ஓடிப்போய்க் கூப்பிட்டுச் சரியாகச் சொன்னேன். அந்தச் சூடு மாலைவரை ஆறவில்லை. தேர்வு அறையில் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு 7 வந்துவிடக் கூடாது.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன். என்னுடையது நாளைக்கே பழுதானால் சாயங்காலத்துக்குள் இன்னொரு 12சி வாங்கிவிடுவேன்.