என்செலடஸைச் சுற்றிப் பறக்க எந்த மென்பொருள்?

சனிக்கோளின் பனி நிலவான என்செலடஸின் குறுக்களவு சுமார் 504 கி.மீ.தான். அதன் தென்துருவத்துப் பிளவுகளிலிருந்து உள்கடலின் நீர் ஆவியாகவும் பனித்துகளாகவும் பீறிட்டு அடிக்கிறது. 2005-இல் காசினி விண்கலம் காட்டிய அந்தக் காட்சிதான் என்னை விண்வெளியைக் கணினித் திரையில் காட்டும் மென்பொருள்களிடம் கொண்டு சேர்த்தது.

பார்த்து வியக்க மட்டும் ஆசை என்றால் செலஸ்டியா போதும். இலவசமானது, சில நொடிகளில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். என்செலடஸ் வானில் ஏறத்தாழ 30 பாகை அகலத்துக்குச் சனி அசையாமல் தொங்குவதையும், வளையங்கள் மெல்லிய கோடாகச் சுருங்கியிருப்பதையும் காணலாம். ஆனால் அங்கே நமக்கு எடையுமில்லை, எரிபொருள் கவலையுமில்லை.

பறக்க வேண்டுமானால் போட்டி, கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் என்ற கணினி விளையாட்டுக்கும் ஆர்பிட்டர் என்ற விண்பறப்பு மென்பொருளுக்கும் இடையேதான். கெர்பலில் என்செலடஸ் கிடையாது. ஜூல் என்ற கற்பனைக் கோளைச் சுற்றும் வால் என்ற பனி நிலவு உண்டு. ராக்கெட்டை நாமே கட்டி, விழுந்து எழுந்து கற்றுக்கொள்ள அதற்கு இணையில்லை. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரே பொருளின் ஈர்ப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது. வாலைத் துருவம் வழியாகச் சுற்றும் பாதையில் கலத்தை விட்டால், அது எத்தனை ஆண்டானாலும் அப்படியே சுற்றும்.

என்செலடஸ் அப்படி விட்டுவைக்காது. அதன் ஈர்ப்பு மிகச் சிறியது, 50 கி.மீ. உயரத்தில் சுற்ற மணிக்குச் சுமார் 550 கி.மீ. வேகமே போதும், பயணிகள் விமானத்தைவிடக் குறைவு. 2,38,000 கி.மீ. தொலைவிலுள்ள சனியோ கலத்தை ஓயாமல் இழுக்கிறது. நீரூற்றுகளின் மேல் செல்லும் துருவப் பாதை மெல்ல நீள்வட்டமாகி, நாட்கணக்கிலேயே கலத்தைப் பனித்தரையில் மோதவிடும். மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்ட ஆர்பிட்டர் பல பொருள்களின் ஈர்ப்பையும் சேர்த்துக் கூட்டுவதால் இந்த ஆபத்து அதில் உயிரோடு இருக்கிறது. கெர்பலிலும் பிரின்சிபியா என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்தால் பல பொருள் ஈர்ப்பு வந்துவிடும். அது தனி உழைப்பு.

ஆர்பிட்டரின் கருவிப்பலகை தொடக்கத்தில் மிரட்டும், தரைக்காட்சியும் கண்ணைப் பறிக்காது. இருந்தும் என் தேர்வு அதுதான். என்செலடஸின் அழகைப் போலவே அதன் முரட்டுத்தனமும் எனக்கு வேண்டும். முதலில் நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் பழகுங்கள். பிறகு பாதையின் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தெற்கே போங்கள். பாதையைத் திருத்துவதற்கான எரிபொருளை மிச்சம் வைத்திருங்கள்.