பழைய வேட்டியில் செய்த பவர் பேங்காம்!

போன மாதம் 79 வெள்ளி கொடுத்து லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் ஓடும் ஒரு 'சோடியம் அயன்' பவர் பேங்க் வாங்கினேன். கடையில் இருந்த தம்பி, "பழைய பருத்தித் துணியைக் கரியாக்கி செய்றாங்கண்ணே" என்று சொன்னதில் விழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் புரட்டினால் 'ஹார்ட் கார்பன்' என்று மட்டும்தான் இருக்கிறது, துணியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்த் தங்குவது கிராஃபைட் என்ற அடுக்கடுக்கான கரிக்குள், அதற்குள் சோடியம் சரியாகப் புகாது, அதற்கு ஒழுங்கில்லாமல் இடைவெளி விட்டு அடுக்கிய கரிதான் தோது, அதுதான் இந்த ஹார்ட் கார்பன். பருத்தியை ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுட்டு இதை எடுக்க முடியும் என்று ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கடைக்கு வருவதில் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் உண்டு, எதில் செய்தது என்று பெட்டி சொன்னால்தானே தெரியும்? அதோடு, பருத்தியில் இருக்கும் செல்லுலோஸில் கார்பன் எடைக்கு 44 சதவீதம்தான். சுடும்போது அதிலும் ஒரு பங்கு வாயுவாகப் போய்விடும். ஒரு கிலோ வேட்டி போட்டால் அரைக் கிலோ கரிகூடத் தேறாது.

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் எனக்குத் தைத்துக் கொடுக்கும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மேசைக்குக் கீழே கிடந்த இரண்டு வெட்டுத் துணிகளில் நூல் உருவி லைட்டரைக் காட்டினார். ஒன்று காகிதம் கருகுகிற வாசத்தோடு சாம்பலாகி உதிர்ந்தது. இன்னொன்று சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாக நின்றது. "ரெண்டையும் காட்டன்னு சொல்லித்தான் கொண்டு வந்தாங்க" என்றார். பாலியஸ்டர் 260 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், அது கலந்த துணியை யார் உட்கார்ந்து பிரிப்பது?

சரி, பவர் பேங்குக்கு வருவோம். சமையலறைத் தராசில் வைத்தேன், 358 கிராம். ஏறக்குறைய இதே கொள்ளளவுள்ள என் பழைய லித்தியம் 210தான், புதியதைக் கால்சட்டைப் பையில் போட்டால் இடுப்பே இறங்குகிறது. என் போனை ஒரு முறை முழுசாக ஏற்றும், அப்புறம் இன்னொரு கால் பங்கு, அவ்வளவுதான். ஆனால் மதிய வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் சார்ஜ் போட்டபோதும் கை சுடவில்லை, பழையது இந்நேரம் இட்லி அவித்திருக்கும். மேசையிலேயே வைத்துக்கொள்பவர்கள் தாராளமாக வாங்கலாம், தினமும் எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு வேண்டாம். துணிக் கதைக்காக மட்டும் 79 வெள்ளி கொடுக்காதீர்கள்.